வகுப்பில் பட்ட காயம்

சத்தியநாதனுக்கு மரியாதை தெரியாது என்று சொல்லக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஆள் கிடையாது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் பியூனுக்கும் அவன்தான் முதலில் வணக்கம் வைப்பான். கோயில் ஆராதனையில் வயதானவர் யார் உள்ளே வந்தாலும் எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்பான். டேக்வாண்டோவில் கறுப்பு பெல்ட். ஊர் அதைக் கராத்தே என்றுதான் சொல்லும். இல்லைங்க, கராத்தே ஜப்பான், இது கொரியா என்று சலிக்காமல், சிரித்த முகத்தோடு திருத்துவான். இப்படிப்பட்டவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் பெண்டாட்டியை உதைக்கிறான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஞானஜோதி சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை.

அவன் நல்ல பெயர் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. அவள் உடம்பில் இருந்த ஒவ்வொரு காயத்துக்கும் ஊரில் ஏற்கெனவே ஒரு விலாசம் இருந்தது. அந்த விலாசத்தை அவன்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தான்.

கல்யாணமான எட்டாம் மாதம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோயிலில் ஒரு அம்மா அவள் முழங்கைக்குக் கீழே இருந்த கன்றலைப் பார்த்து, "என்னம்மா ஜோதி இது?" என்று கேட்டுவிட்டார்கள். கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஏதோ உளறினாள். சத்தியநாதன் பக்கத்தில்தான் நின்றான். அடுத்த வாரம் அவள் அளவுக்கு ஒரு வெள்ளை யூனிஃபார்ம் தைத்து, தானே இஸ்திரி போட்டு, மடித்து இரண்டு கையாலும் நீட்டினான். காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண்களும் தற்காப்பு கற்றுக்கொள்ள வேண்டும் என்றான். புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே மெச்சியது. அன்றிலிருந்து அவள் கை நீலம் பாரித்தால் வகுப்பு, கால் வீங்கினால் வகுப்பு. யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "நல்லா பிராக்டிஸ் பண்றே போல" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

வகுப்பு நடந்தது ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில். செவ்வாய், வியாழன், சனி, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. மாஸ்டர் பொன்னுரங்கம் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்; நேர்மையான மனுஷன், முறை தவறினால் மட்டும் பொறுக்க மாட்டார். ஹாலுக்குள் நுழையும்போது குனிந்து வணங்க வேண்டும். பெல்ட்டைச் சரிசெய்ய வேண்டுமானால் மாஸ்டருக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும், அவர் எதிரில் உடையைத் தொடுவது மரியாதை இல்லை. மேல் பெல்ட்காரரைக் கடைத்தெருவில் பார்த்தாலும் நின்று, குதிகாலைச் சேர்த்து, தலை குனிய வேண்டும். ஜோடி சேர்ந்து பயிற்சி செய்வதற்கு முன்னால் ஒரு வணக்கம், முடிந்ததும் ஒரு வணக்கம். எதிராளியை மதிக்காதவன் அடிக்கக் கூடாது என்பார் மாஸ்டர்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சத்தியநாதன் வீட்டிலும் கடைப்பிடித்தான். பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் அவர்கள் வாடகை வீடு. சாம்பாரில் உப்பு குறைந்தால், அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வர அரை மணி நேரம் தாமதமானால், யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வா என்பான். வந்து எதிரில் நின்று குனிந்து வணங்க வேண்டும். அப்புறம் உதை. முடிந்ததும் மறுபடியும் குனிய வேண்டும். அவனும் குனிவான். அந்தக் குனிதல்தான் அவளுக்கு உதையைவிடக் கேவலமாக இருந்தது. அவன் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

போன வருஷம் ஒரு பிள்ளை போய்விட்டது, நாலாம் மாதத்தில். வயிற்றில் இருப்பதைச் சொல்லாமல் வகுப்புக்குப் போனாள், கால் தூக்கும்போது விழுந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியதைப் பார்த்து மற்றவர்கள் அழுதார்கள். மாஸ்டர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கு வந்து, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்று அவளைத்தான் கடிந்துகொண்டார். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன கராத்தே வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று அவளைத்தான் திட்டினாள். பெற்று வளர்க்க வேண்டிய பிள்ளையை அவளே தின்றுவிட்ட மாதிரி ஆயிற்று.

இந்த வருஷம் மார்ச் மாதம் தாங்க முடியாமல் படப்பையில் இருந்த அப்பா வீட்டுக்கு பஸ் ஏறினாள். அப்பா யேசுதாசன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு பொய் சொல்லாத மனுஷன்; ஆகையால் மற்றவர்களும் சொல்ல மாட்டார்கள் என்று நினைப்பவர். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"கராத்தேன்னா அடி படத்தானேம்மா செய்யும்" என்றார்.

"இல்லப்பா. அவர் வேணும்னே உதைக்கிறார்."

"சொல்லிக் கொடுக்கிறவன் கொஞ்சம் கண்டிப்பாத்தான் இருப்பான். நானும் பிரம்பு பிடிச்சவன்தானே. சத்யா என்னைப் பாத்தா இன்னைக்கும் உக்கார மாட்டேங்கிறான். அந்தப் பிள்ளை மேல போயி..."

மறுநாள் அவரே அவளை அழைத்துக்கொண்டு தாம்பரம் வந்தார். சத்தியநாதன் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, மாமனாரின் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அப்பா முகம் மலர்ந்துபோயிற்று. ஜோதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழக்கூட வரவில்லை.

இப்போது 1988 ஜூலை. மறுபடியும் பத்து வாரம். சத்தியநாதனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தாலும் என்ன ஆகும் என்பது போன வருஷமே தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம், நியாயம்கூட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அதே யோசனை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

வகுப்பை விட்டு விலக வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி, காரணம் சொல்லி விலக வேண்டும். ஜோதி மாசமாக இருக்கிறாள், இனி வகுப்புக்கு வரமாட்டாள் என்று ஊர் அறிந்துவிட்டால், நாளைக்கு அவள் மேல் ஒரு காயம் இருந்தால் அது எங்கே பட்டது என்று யாராவது கேட்டே தீர வேண்டும். அவன் கெட்டிக்காரன். விலாசம் இல்லாத காயத்தை உண்டாக்க மாட்டான். இதுதான் அவள் கணக்கு.

ஆனால் வகுப்பில் வாய் திறப்பது லேசான காரியமா? முடியும்போது மாஸ்டர், "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி கேள்வியே இல்லை. வரிசையில் முதலில் நிற்கும் சீனியர் எல்லோருக்கும் சேர்த்து, "இல்லை சார்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாருக்காவது நிஜமாகவே சந்தேகம் இருந்தால் தனக்கு மேலே இருப்பவரிடம் சொல்ல வேண்டும். அவர் அவருக்கு மேலே இருப்பவரிடம் சொல்வார். கடைசியில் முதல் சீனியர் மாஸ்டரிடம் சொல்வார். முதல் சீனியர் சத்தியநாதன். ஆக, உதை வாங்குகிறவள் உதைக்கிறவனிடமே போய், ஐயா, நீங்கள் என்னை உதைப்பதை மாஸ்டரிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள் என்று விண்ணப்பம் போட வேண்டும். அதுதான் முறை!

அந்த வியாழக்கிழமை அவளுக்கு ஜோடியாக ஹில்டா வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெண், இருபத்திரண்டு வயது, பச்சை பெல்ட். இருவரும் குனிந்து வணங்கிவிட்டு எதிரெதிரே நின்றார்கள்.

"அக்கா, கை! கையை மேல தூக்குங்க. முகம் தொறந்து கிடக்கு" என்றாள் ஹில்டா.

ஒன்றரை வருஷமாக எல்லோரும் அவளிடம் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது. முகத்துக்கு நேரே இருக்க வேண்டிய கைகள் அவளுக்குத் தானாக வயிற்றுக்கு இறங்கிவிடும். மாஸ்டரும் சொல்லிப் பார்த்துவிட்டார். உனக்கு வரவே வராது என்று சத்தியநாதன் எல்லோர் எதிரிலும் சிரிப்பான். ஜோதி கையைத் தூக்கினாள். இரண்டு நிமிஷத்தில் அது மறுபடியும் இறங்கிவிட்டது.

ஏழு மணிக்கு வரிசை கட்டினார்கள். முன்னால் வலது ஓரத்தில் சத்தியநாதன். கடைசி வரிசையில் ஜோதி. மாஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இல்லை சார்!" என்றான் சத்தியநாதன்.

"இருக்கு சார்" என்றாள் ஜோதி.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் திரும்பக் கூடாது. பாடம் மாதிரி நூறு தடவை மனதுக்குள் சொல்லி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"சார், நான் மாசமா இருக்கேன். இன்னையோட வகுப்ப விட்டு நிக்கிறேன். இனிமே என் மேல ஒரு காயம் இருந்துச்சுன்னா அது இந்த வகுப்புல பட்டது இல்ல சார்."

மாஸ்டரின் புருவம் ஏறி இறங்கியது. அப்புறம் அந்தக் கண்டிப்பான முகம் அப்படியே குழைந்து சிரித்தது.

"ஆமாம்மா, ஆமாம்! இனிமே உன் மேல ஒரு கீறல்கூடப் படக் கூடாது. போன தடவை மாதிரி ஆகக் கூடாதுல்ல? நீ சொன்னதுதான் சரி. ஏம்ப்பா சத்யா, இவ்வளவு நல்ல சேதிய எங்கிட்ட மறைச்சிட்டியே!"

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். வரிசை கலைந்து போய் ஆளுக்கு ஆள் சத்தியநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் ஒரு நொடிதான் தடுமாறினான். பிறகு மாஸ்டரைப் பார்த்துக் குனிந்து, "மன்னிக்கணும் சார். அவளுக்குப் போன தடவைக்கு அப்புறம் கொஞ்சம் பயம். அதான் யாருக்கும் சொல்லலை" என்றான். அவளைப் பார்த்துச் சிரித்தான். பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியைக் காற்றில் விட்டுவிட்டார்களே, பாவிகள்!

பெண்கள் உடை மாற்றிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு வகுப்பறை. மற்ற மூன்று பெண்களும் யூனிஃபார்மின் மேல் தாவணியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். ஜோதி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். ஹில்டா கதவருகே போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, கடைசியா ஒண்ணு சொன்னீங்களே. காயம் இருந்தா வகுப்புல பட்டது இல்லன்னு. அது எதுக்கு?"

ஜோதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு ஆளாவது மீதியையும் கேட்டிருக்கிறதே!

"கைய ஏன் தூக்க மாட்டேங்கிறேன்னு கேப்பியே. எனக்கு முகத்துல அடி விழாது ஹில்டா. முகத்துல பட்டா நாலு பேர் கேப்பாங்கல்ல. இங்கதான் விழும்." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "போன வருஷம் நான் எங்கேயும் விழலை. அவர் உதைச்சார்."

ஹில்டா எதையோ கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"மே மாசம் முழுக்க வகுப்பே இல்லை" என்றாள் மெதுவாக. "ஆனா கோயில்ல உங்க கையில காயத்தப் பாத்தேன். புதுசா இருந்துச்சு. சார் வீட்ல தனியா சொல்லித் தராருபோலன்னு நெனச்சேன். எனக்குப் பொறாமையாக்கூட இருந்துச்சுக்கா."

அப்போது கதவு தட்டப்பட்டது. சத்தியநாதன் உள்ளே வராமல், பெண்கள் அறைக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி நின்றான். அவனைக் கண்டதும் ஹில்டாவின் குதிகால்கள் சேர்ந்தன, தலை தானாகக் குனிந்தது.

"உன் கிக் நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கு ஹில்டா. ஜோதி, போலாமா?"

"தேங்க்யூ சார்" என்றாள் ஹில்டா. சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கினாள். ஜோதி அவளைத் தாண்டி நடந்தாள்.

ஸ்கூட்டர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் அவன் சாதாரணமாக, காய்கறி வாங்க வேண்டியதைச் சொல்வது போலச் சொன்னான்.

"வீட்டுக்குப் போனதும் டிரெஸ்ஸ மாத்தாதே. யூனிஃபார்மோடயே நில்லு."

அவளுக்கு உலகம் இருண்டது. அவள் போட்ட கணக்கு மொத்தமும் தப்பு. இனிமேல் காயம் படாமல் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தாளே, இன்றைக்கு ஒரு நாள் மிச்சம் இருப்பதை மறந்துவிட்டாள். இன்று வகுப்புக்குப் போயிருக்கிறாள். இன்று எது நடந்தாலும் வகுப்பில் நடந்ததுதான். மாசமாக இருப்பவள் கடைசி நாளும் பயிற்சி செய்தாள், போய்விட்டது. ஊர் அழும். மாஸ்டர் இன்னொரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவருவார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டர் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. பின்னால் லாரி, பஸ், சைக்கிள்கள். ஓரத்தில் வேர்க்கடலை அவித்து விற்கும் கங்கம்மா அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். ஜோதி இறங்கினாள்.

"ஏறு" என்றான், முகத்தைத் திருப்பாமல்.

"நான் வரலை."

"ஏறு ஜோதி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் வரமாட்டேன்ங்க. என்னை விட்டுடுங்க. இந்தப் பிள்ளைய விட்டுடுங்க."

சைக்கிள்காரர் ஒருவர், "போம்மா, வூட்ல போய் பேசிக்கலாம், புருசன் மரியாதையாத்தானே கூப்புடறாரு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மரியாதையாகத்தான் கூப்பிட்டான். ஜோதி கும்பிடுவது போல அவர்கள் எல்லோரையும் பார்த்தாள். என்ன சொன்னால் நம்புவார்கள் என்று தெரியவில்லை. வாய் வரை வந்த வார்த்தை எல்லாம் ஒரு வருஷமாகச் சொல்லித் தோற்றுப்போன வார்த்தைகள்.

அப்போதுதான் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஹில்டா வந்தாள். யூனிஃபார்மோடு, மூச்சு வாங்க, தலை கலைந்து வந்தாள். சைக்கிளைக் கேட்டின் மேல் சாத்திவிட்டு ஜோதிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சத்தியநாதன் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டு இறங்கினான். ஹில்டாவின் தலை மறுபடியும் குனிந்தது. அதைப் பார்த்ததும் ஜோதிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"தேங்க்யூ ஹில்டா. நீ வீட்டுக்குப் போ" என்றான்.

"சார், அக்காவ எங்க வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன் சார்."

"போன்னு சொன்னேன்."

"முடியாது சார்." அவளால் சார் என்பதை மட்டும் விட முடியவில்லை. "அக்காவ நீங்க உதைக்கிறீங்க சார். வயித்துல உதைக்கிறீங்க. போன வருஷம் குழந்தை போனது உங்களாலதான் சார். அக்கா வரமாட்டாங்க."

கங்கம்மா விசிறியை நிறுத்தினாள். "இன்னாம்மா சொல்றே? புள்ளத்தாச்சியையா?"

பெண்டாட்டி வரமாட்டேன் என்றபோதுகூடச் சத்தியநாதன் முகம் மாறவில்லை. தனக்குக் கீழே இருக்கும் ஒரு பச்சை பெல்ட் நடுரோட்டில் நின்று முடியாது என்று சொன்னதும் மாறிவிட்டது. பத்து வருஷத்தில் யாரும் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவன் வலது கால் பின்னுக்குப் போனதை ஜோதி பார்த்தாள். அந்த அறிகுறி அவளுக்குத் தெரியாததா? தன்னைத்தான் உதைக்கப்போகிறான் என்று தெரிந்தது. ஓடத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

உதை விழுந்த சத்தம் கேட்டது. அவள் மேல் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஹில்டா அவளுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷமாக முகத்தை மறைக்கப் பழகிய கைகளை, முகத்தை அம்போவென்று விட்டுவிட்டு, ஜோதியின் வயிற்றுக்கு நேராக நீட்டித் தடுத்திருக்கிறாள். இடது கை முழங்கைக்குக் கீழே இருக்கக் கூடாத இடத்தில் வளைந்து கிடந்தது. அவள் அழவில்லை. அந்தக் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய்! நீயெல்லாம் மனுசனாடா?" என்று கங்கம்மா எழுந்தாள். இரண்டு பேர் ஓடிவந்து சத்தியநாதனின் தோளைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"பிராக்டிஸ்ங்க" என்றான் அமைதியாக. "நாங்க கராத்தே ஸ்டூடண்ட்ஸ். இவங்க டிரெஸ்ஸப் பாத்தாலே தெரியலையா? அடி படறதெல்லாம் எங்களுக்கு சகஜம்."

தோளைப் பிடித்திருந்த ஒருவரின் கை தளர்ந்தது. "கராத்தேவாம்பா" என்றார் பின்னால் இருந்தவரிடம். இத்தனை பேர் கண்ணால் பார்த்த பிறகும் அந்த வார்த்தை வேலை செய்வதை ஜோதி பார்த்தாள். கங்கம்மா மட்டும் அசையவில்லை.

"இன்னா கராத்தே? நான் இங்கதானே குந்திகினு கீறேன். அந்தப் பொண்ணு கையக் கட்டிகினு நிக்குது, நீ ஒதைக்கிறே. இதுக்குப் பேரு கராத்தேவா? ஏ ஆட்டோ, இங்க வா! இவங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. இவன நாங்க பாத்துக்கறோம்."

ரயில் அலறிக்கொண்டு கடந்தது. ஆட்டோவில் ஹில்டாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மன்னிச்சிடு, மன்னிச்சிடு என்று ஜோதி பிதற்றிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, நான் வழிவிட்டேன்ல. ரூம்ல. சார் வந்ததும் வழிவிட்டுட்டேன்" என்றாள் ஹில்டா. அப்போதுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அசரியா பணியில் இருந்தார். முதலில் ஒரு நர்ஸ் ஜோதியைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு, ரத்தப்போக்கு எதுவும் இல்லை, நல்லாத்தான் இருக்கிறது என்று சொன்னாள். ஜோதி வெளியே வந்தபோது ஹில்டாவின் கைக்குக் கட்டைவைத்துக் கட்டியாகிவிட்டது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். எதிரே இரண்டு வெள்ளை யூனிஃபார்ம்கள். அவருக்கு அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்தது.

"கராத்தே கிளாஸா? பொம்பளைப் பிள்ளைங்க இவ்வளவு முரட்டுத்தனமாவா விளையாடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே எழுதப்போனார்.

"வகுப்புல இல்ல டாக்டர்" என்றாள் ஜோதி. "என் வீட்டுக்காரர் உதைச்சது. என்னைத்தான் உதைச்சார். இவ குறுக்க வந்து வாங்கிக்கிட்டா."

பேனா நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்படி எழுதினா போலீஸுக்குப் போகும்மா. குடும்ப விஷயம். நல்லா யோசிச்சு சொல்லு. உன் அப்பா அம்மா யாராவது வரட்டும்."

"யோசிச்சிட்டேன் டாக்டர். எழுதுங்க."

அவர் ஹில்டாவைப் பார்த்தார். ஹில்டா தலையசைத்தாள். டாக்டர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை ஜோதி அந்தப் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் தாளை மடிக்கப் போனதும் யூனிஃபார்மின் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

"இதுவும் எழுதணும். இது செவ்வாய்க்கிழமை. மஞ்சளா இருக்கே, இது போன மாசம் கடைசியில, பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம் நடந்த அன்னைக்கு. முதுகுல ஒண்ணு இருக்கு, அது ஜூன் பதினொண்ணு."

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து இன்னொரு தாள் எடுத்து வைத்தார்.

"மெதுவா சொல்லும்மா" என்றார்.